நீதி கேட்போம், இரக்கம் காட்டுவோம்

(சுவாமிமலையில் நடைபெற்ற சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



பிறரைத் தீர்ப்பிடாமல் இரக்கம் காட்டும் கிறிஸ்தவ வாழ்வைப்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நம் சங்கத்தில் கிறிஸ்தவர்களும் உளர். இம்மலைமீது எழுந்தருளியுள்ள முருகப்பெருமானை வணங்குவோரும் உளர். புத்தரின் நெறியில் நிற்போரும், எந்தக் கோயிலுக்கும் செல்லாதோரும் உளர். ஆயினும் இப்பொருள் நம் எல்லார்க்கும் உரியதே. மனிதர் கூடி வாழும் இடமெல்லாம் ஒருவரை ஒருவர் எடைபோடும் பழக்கமும் கூடவே குடியிருக்கிறது. உதவித்தொகையும் விடுதி இடமும் வழங்கும் கல்விச் சங்கத்தில் அத்தராசு நம் கையிலேயே இருக்கிறது. ஆதலால் இப்பொருள் நமக்கு வெறும் உபதேசமாக இருந்துவிட இயலாது.

நம்மை நோக்கிச் சொல்லப்பட்ட இரக்கம்

இரக்கம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் இளைஞர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அவர்களை நான் குறைகூற மாட்டேன். இக்காவிரிப் படுகையில் அச்சொல் நெடுங்காலம் தவறான திசையில் வழங்கப்பட்டது. சாணிப்பால் குடிக்கச் செய்வதும் சவுக்கால் அடிப்பதும் பண்ணையாளுக்கு உரிய தண்டனைகளாக இருந்த நாட்களில், அடித்தவனை நோக்கி "இரங்கு" என்று கூறியவர் சிலரே. அடிபட்டவனை நோக்கிப் "பொறுத்துக்கொள், தீர்ப்பைக் கடவுளிடம் விட்டுவிடு" என்று கூறியவர் பலர். 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பொறுத்திருந்ததனால் கனிந்த கனியன்று. வயல்வெளிகளில் மக்கள் சங்கமாகத் திரண்டு நின்றதன் பயனாக வந்தது அது.

1968ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25ஆம் நாள் இரவை நினைத்துப் பாருங்கள். உலகெங்கும் கிறிஸ்து பிறப்பு விழா நடந்துகொண்டிருந்தது. அன்றைய கீழைத் தஞ்சையில், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில், கீழ்வெண்மணி என்னும் சிற்றூரில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டன. அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதும், செங்கொடியின் கீழ்ச் சங்கமாகச் சேர்ந்ததுமே அம்மக்கள் செய்த குற்றங்கள். 1970இல் கீழ் நீதிமன்றம் நிலவுடைமையாளர் சிலருக்குத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. செல்வமும் செல்வாக்கும் உடைய மிராசுதார்கள் தாமே நடந்துசென்று தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது அரிது என்னும் கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது.

தீர்ப்பிடுதல் என்று நற்செய்தி எதனைக் கண்டிக்கிறது என்பது இங்கே விளங்கும். நடந்த செயலை ஆராய்ந்து உண்மை காண்பது ஒன்று; ஆளின் உடையையும் குடியையும் பார்த்து, ஆராயுமுன்பே முடிவுகட்டுவது மற்றொன்று. பொன்மோதிரம் அணிந்து வருவோனுக்கு நல்லிடமும் கந்தை உடுத்தி வருவோனுக்குக் காலடியும் காட்டும் சபையைப்பற்றி யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கூறுகிறார். அத்தகையோரைக் கெட்ட எண்ணத்தோடு தீர்ப்பளிப்போர் என்று அவர் சாடுகிறார். இரக்கம் காட்டாதவனுக்கு நேரும் தீர்ப்பைப்பற்றிய எச்சரிக்கையும் அதே அதிகாரத்தில் வருவது தற்செயலன்று.

ஆகவே நீதி கேட்பதும் பிறரைத் தீர்ப்பிடுவதும் ஒன்றே என்று எவரேனும் உங்களிடம் கூறினால் நம்பாதீர்கள். இரக்கமற்ற ஒரு நீதிபதியின் வாசலில் ஓயாமல் சென்று முறையிட்ட விதவையின் கதையை ஆண்டவர் இயேசு கூறினார். லூக்கா நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் அதைக் காணலாம். முறையிட்டது தவறென்று அவளை அவர் கடியவில்லை. அவளுடைய விடாமுயற்சியையே நமக்கு முன்மாதிரியாக வைத்தார். மன்னிப்போ பாதிக்கப்பட்டவரின் உடைமை. தீயில் பிள்ளையை இழந்த தாய் அதனை வழங்கலாம், வழங்காமலும் இருக்கலாம். அவளுக்காக வேறொருவர் வழங்க இயலாது. வழங்கியே தீரவேண்டும் என்று அவளை நெருக்கவும் எவர்க்கும் உரிமையில்லை.

அந்தத் தீக்குப் பின் அவ்வூர்ப் பக்கம் வந்தவர்களுள் ஒருவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். அவரும் ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்தவர், காந்திய வழியில் நின்றவர், கிறிஸ்தவர் அல்லர். தம் கணவரோடு 1981இல் உழுபவர்க்கு நில உரிமை தேடும் லாப்டி இயக்கத்தைத் தொடங்கினார். நிலவுடைமையாளரிடம் சென்று பேசினார். வங்கிக் கடனும் அரசின் உதவியும் தேடி, நிலத்தை விலைகொடுத்து வாங்கி, ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்களுக்குப் பெண்களின் பெயரிலேயே உரிமையாக்கினார். வெறுப்பின்றி நின்றார், ஆனால் ஒரு குழி நிலத்துக்கான உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரக்கமும் நீதியும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக் கூடும் என்பதற்கு இவ்வம்மையாரின் வாழ்வு நம் மண்ணிலேயே கிடைத்த சான்றாகும்.

கழுத்தைப் பிடித்த கை

அப்படியாயின் இரக்கம் காட்டுக என்னும் கட்டளை யாரை நோக்கியது? மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் இயேசு கூறிய கடன்காரன் கதை இதற்கு விடை தருகிறது. ஓர் அரசனிடம் ஊழியன் ஒருவன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். அக்கால வழக்கில் ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ ஆறாயிரம் தெனாரியம். ஒரு தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒருநாள் ஊதியம். கணக்கிட்டால் ஆறு கோடி நாட்களின் கூலி! எத்தனை பிறவி எடுத்தாலும் அடையாத கடன் அது. அரசன் மனமிரங்கி அனைத்தையும் தள்ளுபடி செய்தான். வெளியே வந்த அவ்வூழியன், தனக்கு நூறு தெனாரியம் கடன்பட்ட உடன் ஊழியனைக் கண்டான், கழுத்தைப் பிடித்தான், சிறையில் அடைத்தான்.

இக்கதையில் நாம் கருதவேண்டியவை இரண்டு. நூறு தெனாரியம் அற்பத் தொகையன்று. நூறு நாள் கூலி எத்தகையது என்பதை இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. எனவே கடனே இல்லை என்று நடிப்பது இரக்கம் ஆகாது. பிழையைப் பிழை என்று அறிந்தபின்னும் கழுத்திலிருந்து கையை எடுப்பதே இரக்கம். மற்றொன்று, யார் கண்டிக்கப்பட்டான் என்பது. பிறன் கழுத்து எவன் கைக்குள் இருந்ததோ அவனே கண்டிக்கப்பட்டான்.

இதனின்று நான் பெறும் முடிவு இதுதான். நமக்கு மேலே நிற்போரிடம் நாம் நீதி கேட்கவேண்டும். நம் கையின்கீழ் நிற்போர்க்கு நாம் இரக்கம் காட்டவேண்டும். இவ்விரண்டையும் இடம் மாற்றிவிட்டால் இரண்டும் கெடும். மேலிருப்போரிடம் இரக்கத்தை இரந்து நிற்பது அடிமைத்தனம். கீழிருப்போரிடம் நீதி என்னும் பெயரால் கடுமை காட்டுவது கொடுமை.

திருச்சபை இட்ட தீர்ப்பு

இதனை நாம் அறிந்துகொள்ளத் திருச்சபையின் வரலாறே போதும். தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு வந்திறங்கினார். 1714இல் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அங்கே தமிழில் அச்சாயின. அந்நூல், தஞ்சை மராட்டிய மன்னரின் படையில் பணிபுரிந்த இராஜநாயகன் என்னும் வீரரின் கைக்குக் கிடைத்தது. அவர் பறையர் குடியில் பிறந்த கத்தோலிக்கர். நம் மக்களுக்கு எழுத்தே எட்டாது என்று பிறர் எண்ணியிருந்த காலத்தில் அவர் அதனைப் படித்தார். படித்ததனால் அவர் வாழ்வு மாறியது. படைத்தொழிலை விட்டு உபதேசியாராகித் தஞ்சைச் சீமையில் ஊர் ஊராக நடந்து சபைகளைக் கட்டினார். கல்விச் சங்கத்தின் பிள்ளைகள் அப்பெயரை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்.

1733இல் வேளாளர் குடியில் பிறந்த ஆரோன் அச்சபையின் முதல் இந்தியக் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்து ஒருவரைக் குருவாக்க வேண்டியபோது இராஜநாயகனின் பெயரும் எண்ணப்பட்டது. ஆனால் அவர் கையால் திருவிருந்து பெறப் பிற சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவர் என்று கருதினார்கள். 1741இல் வேறொருவர் குருவானார். இராஜநாயகனோ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 1771இல் உபதேசியாராகவே மறைந்தார்.

அவரை விலக்கிய பாதிரிமார்கள் கொடியவர் அல்லர். கடல் கடந்து வந்து, நோயிலும் வறுமையிலும் உழைத்தவர்கள். அவர்கள் தம் நெஞ்சறிய அவரைத் தாழ்ந்தவர் என்று தீர்ப்பிட்டார்கள் என்றும் நான் கூறமாட்டேன். ஊரார் இடும் தீர்ப்புக்கு அஞ்சினார்கள். அஞ்சியதனால் அத்தீர்ப்பையே தாமும் எழுதிவிட்டார்கள். நல்லவர்களும் இவ்வாறு தீர்ப்பிடுவோர் ஆகிவிடுகிறார்கள். "நான் ஒன்றும் நினைக்கவில்லை, நாலுபேர் என்ன சொல்வார்கள்?" என்று நாம் கூறும்போதெல்லாம், அந்த நாலுபேரில் ஐந்தாமவராகப் போய் நிற்கிறோம்.

1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கட்டளையிட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதினும் சபையை விடுவது எளிது என்று வெளியேறினர். நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்துக் கோயிலில் சாதிப் பிரிவினரைப் பிரித்துவைத்த தடுப்பு 1910இல்தான் அகற்றப்பட்டது. திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரையும் பிரித்துநின்ற சுவர் இந்நூற்றாண்டிலும் போராட்டத்துக்குப் பொருளாயிற்று. 2022ஆம் ஆண்டில் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலாக உயர்த்தப்பட்டார். தலித் குடியில் பிறந்து அந்நிலை எய்திய முதல்வர் அவர். சபை வேறு, பதவி வேறு என்றாலும், 1741க்கும் 2022க்கும் இடையே 281 ஆண்டுகள் கிடக்கின்றன. ஒரு தவறான தீர்ப்பு எத்தனை தலைமுறைகள் உயிர்வாழும் என்பதை அவ்வாண்டுக் கணக்கு காட்டுகிறது.

நம் கையின்கீழ் நிற்போர்

இதுவரை நான் கூறியதற்குக் கைதட்டுவது எளிது. பிறர் குற்றமாகவே அது இருந்தது. இனி நம் பக்கம் திரும்ப வேண்டும்.

சாதி என்பது படிநிலைச் சமமின்மை என்று பாபாசாகேப் அம்பேத்கர் விளக்கினார். ஒவ்வொரு படியில் நிற்பவனும் மேற்படியைக் கண்டு குமுறுகிறான். கீழ்ப்படியைக் கண்டு பெருமூச்சு விட்டு ஆறுதல் அடைகிறான். நம்மிலும் அப்படி உண்டா இல்லையா? நம் துணிகளை வெளுத்தும், நம் வீட்டு நன்மை தீமைகளுக்கு ஊழியம் செய்தும் வாழ்ந்த புதிரை வண்ணார் குடும்பங்களை நம் தெருக்கள் எவ்வாறு நடத்தின? தமிழ்நாட்டில் 2009இல் பட்டியல் சாதியினர்க்குரிய 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப்பட்டபோது, "நம் பங்கு குறைகிறதே" என்று முணுமுணுத்தோர் நம்மிடையே இல்லையா? மேலிருப்போர் நம்மைப்பற்றிக் கூறிய அதே சொற்களை, கீழிருப்போரைப்பற்றி நாம் கூறும்போது, ஆறு கோடி நாள் கூலிக்குத் தள்ளுபடி கேட்டுவிட்டு நூறு நாள் கூலிக்குக் கழுத்தைப் பிடிப்பவர்களாகிறோம்.

அடுத்து, நம் பெண்மக்கள். யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் விபசாரக் குற்றம் சாட்டி ஒரு பெண்ணை இயேசுவின்முன் நிறுத்துகிறார்கள். மோசேயின் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தண்டனை விதித்தது. ஆனால் அன்று கொண்டுவரப்பட்டவள் பெண் மட்டுமே. ஆண் எங்கே என்று கேட்பார் இல்லை. நம் தெருக்களிலும் ஒரு வம்பு எழுந்தால் நடுவில் நிற்பவள் யார்? வெளியூரில் தங்கிப் படிக்கும் பெண்ணைப்பற்றி ஒரு சொல் எழுந்தால், அது மெய்யா பொய்யா என்று கேட்குமுன்பே அவள் படிப்பை நிறுத்திவிடுகிறோம். அவளோடு பேசப்பட்ட ஆணின் படிப்பு நிற்பதில்லை. அக்கதையில் ஒரு சிறு செய்தியைப் பெரியோர்கள் கவனிக்க வேண்டுகிறேன். கூட்டம் கலைந்தபோது முதலில் விலகிச் சென்றவர்கள் முதியோர்கள். வயது முதிர்ந்தோர் முதலில் கல்லைக் கீழே போட்டால்தான் இளையோர் பின்பற்றுவர்.

இனிக் கூறப்போவது நம் வீடுகளை மிக வருத்தும் செய்தி. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்னும் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் அது சீக்கியர்க்கும், 1990இல் பௌத்தர்க்கும் விரிவாக்கப்பட்டது. கிறிஸ்தவர்க்கு விரிவாக்கப்படவில்லை. சென்னையில் செருப்புத் தைத்து வாழ்ந்த கிறிஸ்தவ ஆதிதிராவிடர் ஒருவர், அரசு வழங்கிய கடைப்பெட்டி தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குச் சான்று போதாது என்று உச்ச நீதிமன்றம் 1985இல் அதைத் தள்ளுபடி செய்தது. 2022இல் நடுவண் அரசு இப்பொருளை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிறிஸ்தவ நெறியில் வாழ்ந்துகொண்டு ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று கூறுவது அரசியலமைப்பை ஏமாற்றுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

இதன் விளைவை நம் தெருக்களில் காண்கிறோம். ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள் இருவர். ஒருவன் சான்றிதழில் இந்து. மற்றவன் சான்றிதழில் கிறிஸ்தவன். தீண்டாமை இருவர் வாசலுக்கும் வழி தெரிந்து வருகிறது. பட்டியல் சாதியினர்க்குரிய ஒதுக்கீடோ ஒருவன் வாசலோடு நின்றுவிடுகிறது. இந்நிலையில், ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வரும் ஒருவர், பிள்ளையின் படிப்புக்காகத் தாளில் இந்துவாகவே இருந்துவிட்டால், சபையார் அவரைக் "கிறிஸ்துவை வேலைக்கு விற்றவர்" என்கின்றனர். வெளியார் அவரை "ஏமாற்றுக்காரர்" என்கின்றனர். திருவிருந்துக்கு அவர் வரும்போது சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். மறுபுறம், தாளிலும் கிறிஸ்தவன் என்றே எழுதி, ஒதுக்கீட்டை இழந்து, பிள்ளையைக் கூலிவேலைக்கு அனுப்பியவரைப் பார்த்துப் "பிழைக்கத் தெரியாதவர்" என்று நகைப்போரும் உளர்.

சட்டத்தை மீறுமாறு நான் எவர்க்கும் கூறவில்லை. உண்மை பேசுவதே கிறிஸ்தவனுக்கு அழகு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தகப்பன் தன் நம்பிக்கைக்கும் தன் பிள்ளையின் எதிர்காலத்துக்கும் நடுவே நிறுத்தப்பட்டு, ஒன்றைத் தேர்ந்துகொள் என்று நெருக்கப்படும்போது, அவனை நெருக்கிய சட்டத்தை விட்டுவிட்டு அவன்மீது கல்லெறிவது நேர்மையாகுமா? சட்டம் திருந்தவேண்டும் என்று தில்லியை நோக்கி உரத்துக் கேட்போம், அது நீதி. அச்சட்டத்தின் இடுக்கில் அகப்பட்டு இப்படியோ அப்படியோ முடிவெடுத்த நம் உறவினரை நோக்கி ஒரு சொல்லும் கடுமையாகக் கூறாதிருப்போம்; அது இரக்கம்.

வார்ப்புப் பட்டறை கற்பிக்கும் பாடம்

இரக்கம் என்றால் எதையும் கண்டுகொள்ளாமல் விடுவதா என்று சிலர் கேட்கக்கூடும். குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனுக்கும் இரக்கமா? சங்கப் பணத்தைக் கையாடுபவனுக்கும் இரக்கமா?

இவ்வூரின் கைத்தொழிலைக் கொண்டே விடை கூறுகிறேன். சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை வார்க்கும் முறையை நீங்கள் அறிவீர்கள். தேன்மெழுகில் உருவைச் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துகிறார்கள். பிறகு சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அவ்விடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியபின் மண்கூட்டை உடைத்தால் சிலை வெளிப்படும். உலோகம் ஓடாமல் ஒரு கை குறைந்தோ முகத்தில் குழி விழுந்தோ இருக்கக்கூடும். அக்குறையைக் காணாததுபோல் எவரும் அதனைக் கோயிலுக்கு அனுப்புவதில்லை. உலோகத்தைத் தெருவில் வீசுவதுமில்லை. மீண்டும் மூசையில் இட்டு உருக்கலாம், மீண்டும் வார்க்கலாம். குறையைக் கண்டறியும் கண்ணும் உலோகத்தை இழக்க மனமில்லாத கையும் அங்கே ஒன்றாக வேலை செய்கின்றன.

இயேசுவும் அப்பெண்ணைத் தண்டிக்காமல் அனுப்பியபோது, இனிப் பாவம் செய்யாதே என்று கூறியே அனுப்பினார். அடிபடும் மனைவியைக் காப்பதே முதல் இரக்கம். அவளைப் பொறுத்துப்போகச் சொல்வது இரக்கத்தின் பெயரால் செய்யும் கொடுமை. அடிப்பவனைத் தடுத்து நிறுத்தவேண்டும். தேவையானால் காவல் நிலையத்துக்கும் செல்லவேண்டும். கையாடியவனிடம் கணக்குக் கேட்கவேண்டும். பொறுப்பிலிருந்து நீக்கவும் வேண்டும். ஆயினும் "இவன் இவ்வளவுதான், இவன் பரம்பரையே இப்படித்தான்" என்று முத்திரை குத்தும் அதிகாரம் நமக்கு இல்லை. அம்முத்திரை எத்தகையது என்பதை நம்மினும் அறிந்தவர் யார்? பிறக்குமுன்பே நம்மீது குத்தப்பட்டது அதுவேயன்றோ?

சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்

இவ்வாண்டு நம் சங்கம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குத் திட்டம் இடுகிறது. ஆகவே பேச்சோடு நில்லாமல் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, தேர்வில் தவறிய மாணவனைப் பற்றியது. தவறியவனுக்கு உதவி நிறுத்தப்படும் என்னும் விதி நிதி குறைந்த சங்கங்களுக்குத் தேவையாகத் தோன்றலாம். ஆனால் விதியைச் செலுத்துமுன் ஓர் உறுப்பினராவது அவன் வீட்டுக்குச் சென்று வரவேண்டும். அறுவடை இயந்திரங்கள் வந்தபின் நம் மக்களின் வேலைநாட்கள் குறைந்துவிட்டன. தந்தை திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலை தேடிச் சென்றிருப்பார். தாய் நடவுக்குப் போகும் நாட்களில் மூத்த பிள்ளை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வகுப்பை விட்டிருக்கும். வீட்டில் பாடம் சொல்லித்தர எழுத்தறிந்தவர் ஒருவரும் இல்லாதிருக்கலாம். மதிப்பெண் பட்டியல் இவற்றுள் எதையும் கூறாது. வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் அமர்ந்தால் எல்லாம் தெரிந்துவிடும். அறிந்தபின் நாம் எடுக்கும் முடிவு கடுமையாக இருந்தாலும் அது ஆராய்ந்த முடிவாக இருக்கும்.

இரண்டாவது, ஒரு பிள்ளையின் குறையையோ குடும்பத்தின் குறையையோ பொதுக்கூட்டத்தில் பெயர் சொல்லிப் பேசுவதை அறவே விடவேண்டும். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே சென்று பேசுமாறு மத்தேயு பதினெட்டாம் அதிகாரம் முறை வகுத்துள்ளது. புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். இவ்விருவரும் ஒத்துக்கொண்ட ஒன்றை நாம் தீர்மானமாக நிறைவேற்றிக்கொள்வதில் தடை என்ன?

மூன்றாவது, பெற்றோரைக் கொண்டு பிள்ளையைத் தீர்ப்பிடாதிருத்தல். தகப்பன் குடிகாரன், தாய் வேற்றுச் சாதியாள், சான்றிதழில் ஒன்று ஆலயத்தில் ஒன்று, முன்பு நம் சங்கத்தோடு சண்டையிட்ட குடும்பம் என்னும் எந்தக் காரணமும் பிள்ளையின் விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதப்படக் கூடாது. அருந்ததியர் வீட்டுப் பிள்ளையும் புதிரை வண்ணார் வீட்டுப் பிள்ளையும் தயங்காமல் நம் வாசலேறி வரும் நாளே, நாம் சாதியை உண்மையாகவே எதிர்க்கிறோம் என்பதற்கு முதற்சான்று.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். படித்து முன்னேறியபின் பின்தங்கிய உறவினரைக் கண்டு வெட்கப்படும் சோதனை உங்களுக்கு வரும். "நான் உழைத்தேன், வந்தேன், இவர்கள் ஏன் வரவில்லை?" என்று கேட்கத் தோன்றும். உங்கள் கட்டணத்துக்காகத் தம் காதணியை அடகுவைத்தவர்களை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். தந்தைக்கே மகன் பொருள் உரைத்த தலம் என்று இவ்வூரின் புராணம் கூறும். ஆதலால் பெரியோராகிய நாங்கள் ஒருவரை ஆராயாது தீர்ப்பிடக் கண்டால், பணிவோடு எழுந்து, "ஐயா, அவர் வீட்டுக்குச் சென்று வந்தீர்களா?" என்று கேளுங்கள். இவ்வூரில் அக்கேள்வி மரியாதைக் குறைவாகாது.

மேலிருப்போர்முன் நிமிர்ந்து நிற்கவும், கீழிருப்போர்முன் குனிந்து கைகொடுக்கவும் தெரிந்த ஒரு தலைமுறையை இச்சங்கம் உருவாக்குமாயின், அதனினும் பெரிய வெள்ளி விழாப் பரிசு வேறில்லை. அத்தகைய தொண்டில் நம் சங்கம் பொன்விழாவும் காண வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.